பையை மட்டும் அனுப்பினால் போதும்

மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே கூரை, சுவர், மின் இணைப்பு, எரிவாயுக் குழாய் யாவும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும், கீழே தங்கள் கடையில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடிப் பலகைகளும் ஒரு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். தங்கள் வீட்டுக் கூடத்தில் ஒற்றை ஆணியில் தொங்கும் அந்தப் பெரிய கடிகாரத்தைப் பற்றிச் சென்ற முறை வந்தபோதே சொன்னேன். அதற்கு நேர் கீழே யாரும், முக்கியமாகத் தற்சமயம் அங்கே வந்து தங்கியிருப்பவர்கள், நாற்காலி போட்டு உட்கார வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் தங்கள் தங்கை அங்கே வந்து இறங்கியபோது அவள் தோளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை இருந்திருக்கும். அது அவளுடைய பயணப் பை அல்ல. இந்த வீட்டின் அவசரப் பை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் தொங்க வேண்டியது. அது இல்லாமல் இந்த வீடு இயற்கையின் சீற்றங்களுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்கிறது. ஆகவே தாங்கள் தயவுசெய்து பையை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் போதும். ஆளை அனுப்ப அவசரமில்லை. அவள் இஷ்டப்பட்ட வரைக்கும் இருக்கட்டும். இங்கே ஒரு குறையும் இல்லை. பை அங்கே வந்த கதையை அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். வேலையில் இருந்த காலம் முழுவதும் விபத்து அறிக்கை எழுதியவன் என்ற முறையில், யார் பக்கமும் சாயாமல், நடந்ததை நடந்தபடி நானும் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது தங்களுக்குத் தெரியும். அன்று மின்சாரம் போனதும் தங்கள் தங்கை, "டார்ச் எங்கங்க?" என்று கேட்டாள். டார்ச் கிடைத்தது. அதற்குள் இருக்க வேண்டிய பேட்டரிகள் சுவர்க் கடிகாரத்தில் இருந்தன. கடிகாரத்திலிருந்து கழற்றி டார்ச்சில் போட்டுப் பார்த்தால், பல்பு என்றைக்கோ உயிரை விட்டிருந்தது. மெழுகுவத்தி இருந்தது, தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. இருட்டில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ஒரு ஃபாக்டரியையே காப்பாத்தினவர் வீடுங்க இது" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு பெரிய ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, தீ, வெடிப்பு, வாயுக் கசிவு எல்லாவற்றுக்கும் ஒத்திகை நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. "ஒரு டார்ச் வாங்குங்க, அது போதும்" என்று அவள் அப்போதே சொன்னாள் என்பதையும் அறிக்கையில் சேர்த்துவிடுகிறேன். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் தண்ணீர். ஆபத்து வந்தால் முதலில் நிற்பது குழாய்த் தண்ணீர்தான். ஆகவே அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து, மூடி, தேதிச் சீட்டு ஒட்டி வைத்தேன். எல்லாவற்றிலும் என்றால் குடம், வாளி, குக்கர், ஃபிளாஸ்க், பூச்சாடி, தங்கள் அம்மா கொடுத்த பெரிய பாத்திரம் வரைக்கும். அவள் வந்து டீ போடப் பாத்திரம் தேடினாள். "எதுலங்க போடறது?" என்றாள். "தேதி முடிஞ்சதும் ஒண்ணைக் காலி பண்ணிக்கலாம்" என்றேன். "தேதி எப்ப முடியுது?" "ஆறு மாசம்." அவள் எதிரே தையற்கடைக்குப் போய், தையல்காரர் ஃபிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள். வாளி காலி இல்லாததால் மகன் குளிக்கவில்லை. வாளி காலியாக இருந்த நாட்களிலும் அவன் பெரிதாகக் குளித்ததில்லை என்பதால் இதை நான் என் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

அடுத்து நிலநடுக்கம். இந்தப் பக்கம் நிலம் நடுங்கியதாக யாருக்குமே ஞாபகமில்லை என்று அவள் வாதாடினாள். இதுவரை நடுங்காத நிலத்துக்குத்தான் நடுங்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று நான் விளக்கினேன். அலமாரி, புத்தக ஷெல்ஃப், ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் இரும்புப் பட்டை கொடுத்துச் சுவரோடு முடுக்கினேன். பீரோவை முடுக்கியபோது உள்ளே மடித்து வைத்திருந்த அவளுடைய நல்ல சால்வையும் திருகாணியோடு சேர்ந்து சுவருக்குள் போய்விட்டது. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, எந்த நிலநடுக்கமும் அதை அசைக்க முடியாது. சமையலறை ஷெல்ஃபுக்குத் துளை போட்டபோது சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் குறுக்கே வந்தது. வந்த பிளம்பர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சார், வெள்ளம் வந்தா என்ன பண்றதுன்னு தயார் பண்ணீங்களா, இல்ல வெள்ளத்தையே தயார் பண்ணீங்களா?" என்றார். தங்கள் தங்கை ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தக் கட்டம் வரையில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு புகைமணி. புகை பட்டால் கத்தும் சின்ன வட்டப் பெட்டி, சமையலறைக் கூரையில் பொருத்தினேன். அது கடமையில் கொஞ்சம் கூடுதல் அக்கறை கொண்டது. வெங்காயம் வதங்கினால் கத்தும், ரொட்டி லேசாகச் சிவந்தால் கத்தும், ஒரு நாள் சோற்றுக் கஞ்சி பொங்கிய ஆவிக்கே தெரு அதிரக் கத்தியது. அவள் ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் துண்டுமாக, கிளறுவதும் மேலே பார்த்து வீசுவதுமாகச் சமைக்கப் பழகிக்கொண்டாள். மகனைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். மாடி அறையை விட்டு இறங்குவதே இல்லை என்பதால் வீட்டில் அவனுக்கு மாடிக்காரன் என்றே பெயர். காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத முதலாளியோடு நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பான், தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் புகைமணி மட்டும் அவனுக்குக் கேட்டது. அது அடித்தால் சாப்பாடு தயார் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்து, தட்டோடு இறங்க ஆரம்பித்தான். இதைத் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். "அவன் நேரத்துக்குச் சாப்பிடறதே இப்பத்தாங்க, அதையும் கெடுத்துடாதீங்க" என்றாள். விட்டுவிட்டேன்.

கடைசியாகத்தான் பை. இருட்டிலும் கண்ணில் படும் நிறமாகத் தேடி வாங்கினேன். வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் ஒரு மனிதருக்கு என்னென்ன தேவையோ அத்தனையும் அதில் இருந்தது: மாற்றுத் துணி, பல்துலக்கும் சாமான், அவளுடைய பிரஷர் மாத்திரை, முக்கியக் காகிதங்களின் நகல்கள், பிஸ்கட், டார்ச், வீட்டில் இருந்த ஒரே நல்ல குடை, சில்லறை. பையின் பக்க அறையில் ஒரு விசிலும் வைத்தேன். அதன் ஜோடி என் கழுத்தில் இருக்கிறது. அவள் ஒரு தடவை பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். "பரவாயில்லையே, நினைச்ச நேரத்துல எங்க வேணாலும் கிளம்பிடலாம் போல" என்றாள். "அதுக்குத்தானே கட்டி வச்சிருக்கேன்" என்றேன். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

சாமான் வாங்கி அடுக்கினால் மட்டும் வீடு தயாராகிவிடாது. ஒத்திகை வேண்டும். ஆலையில் நாங்கள் வைத்திருந்த விதிகளையே வீட்டுக்கும் வைத்தேன், எளிமையானவை. மூன்று குறு விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். எதிரே தையற்கடை வாசலில் கூட வேண்டும். ஆள் கணக்கு எடுக்க வேண்டும். முக்கியமானது அடுத்த விதி: வெளியேறியவர், அதிகாரி ஒரு நீண்ட விசில் ஊதி அபாயம் நீங்கியது என்று சொல்லும் வரை, எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே திரும்பக் கூடாது. இந்த விதி சும்மா வந்ததல்ல. ஆலையில் தீ பிடித்த ஒரு நாள், பத்திரமாக வெளியே வந்துவிட்ட ஒருவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே ஓடினார். கை வெந்து போய்த்தான் வந்தார். டிபன் பாக்ஸ் காலி என்பது பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒத்திகை நாள் காலையில் கூடத்தின் நடுவே ஓர் இரும்பு வாளியில் ஈரச் சாக்கைப் போட்டுப் புகைய விட்டேன். வெறும் விசிலுக்கு யாரும் பதறுவதில்லை, கொஞ்சம் புகை இருந்தால்தான் உடம்பில் ஒரு வேகம் வரும். மூன்று விசில் ஊதினேன். பிறகு விநாடிக் கணக்குப் பார்க்கும் ஸ்டாப் கடிகாரத்தோடு பின்பக்கக் குளியலறைக்குள் போய், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றேன். தேர்வு நடத்துபவர் எங்கே நிற்பார் என்று தேர்வு எழுதுபவரிடம் சொல்வது வழக்கமில்லை. ஆகவே நான் உள்ளேயே இருப்பேன் என்று அவளிடம் சொல்லவில்லை. தொடக்கம் அருமையாக இருந்தது. அடுப்பை அணைத்தாள், ஆணியிலிருந்து பையை எடுத்தாள், அலட்டிக்கொள்ளாமல் வெளியேறினாள். புகைமணி அடித்ததும் மாடிக்காரன் தட்டோடு இறங்கி வந்தான். கூடத்தில் புகையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஏன் எல்லாம் கருகிடுச்சு?" என்று கேட்டுக்கொண்டே, தட்டோடு தையற்கடை வாசலுக்கும் போய்ச் சேர்ந்தான். எப்படியோ போய்ச் சேர்ந்தான், அதுவே பெரிது.

அதன் பிறகு வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை. தையல்காரர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன். "அக்கா விரலை மடக்கி எண்ணினாங்க சார். தம்பியைக் காட்டி ஒண்ணு. தன் நெஞ்சைத் தொட்டு ரெண்டு. மூணாவது விரலைப் பிடிச்சுக்கிட்டு உங்க வீட்டுக் கதவையே பாத்தாங்க. நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தாங்க. புகை வேற ஜன்னல் வழியா புசுபுசுன்னு வருது. 'அவருக்கு இழுப்பு இருக்கே, புகை ஆகாதே'ன்னாங்க. நான் கையைப் பிடிச்சேன் சார். உதறிட்டாங்க." எனக்கு லேசாக இழுப்பு உண்டு, அதை அவள் எப்போதும் ஊதிப் பெரிதாக்குவாள். ஆள் கணக்கைப் பொறுத்தவரை அவள் செய்தது தப்பு. கணக்கு எடுக்கும் இடத்தில் அதிகாரியை யாரும் எண்ணுவதில்லை. அதிகாரியும் தன்னை எண்ணிக்கொள்வதில்லை. ஆலையில் என்றைக்கும் அதுதான் வழக்கம். மூன்றாவது விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

உள்ளே நான் கேட்டது இவ்வளவுதான். முதலில் வாசற்கதவு சுவரில் மோதும் சத்தம். பிறகு அவள் குரல். "என்னங்க! என்னங்க, எங்க இருக்கீங்க?" செருப்பில்லாமல் ஓடி வரும் சத்தம். படுக்கையறையில் கட்டிலை இழுத்துப் பார்த்தாள், அதை நான் தரையோடு முடுக்கியிருந்ததால் நகரவில்லை, குனிந்து அடியில் பார்த்தாள் போலிருக்கிறது. இருமினாள். "கடவுளே, எங்கயாவது விழுந்து கிடக்கறாரா" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது நன்றாகக் கேட்டது. நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். நடையில் எதிரே நின்றாள். கண்ணெல்லாம் சிவந்து, முகத்தில் கரி. என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன்.

"வெளியேறினவங்க உள்ள திரும்பக் கூடாது. விதி அது. அதுவரைக்கும் நல்லாத்தான் பண்ணின. இப்ப முழுசா பூஜ்யம்" என்றேன்.

மச்சான், அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது.

"வெளிய போனா திரும்பி வரக்கூடாதா?" என்றாள்.

"கூடாது."

"எதுக்காகவும்?"

"எதுக்காகவும்தான்."

"யாருக்காகவும்?"

விதியில் 'எந்தக் காரணத்துக்காகவும்' என்றுதான் இருக்கிறது. அதில் எல்லாமே அடங்கும் என்பதால், "ஆமாம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். வாளியில் புகைந்த சாக்கின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அந்தத் தண்ணீருக்கு இன்னும் தேதி முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தாள், தையற்கடை வாசலில் போட்டுவிட்டு வந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், பஸ் வந்தது, ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. யார் பக்கமும் சாயாமல் சொல்வதென்றால், இரண்டாவது முறை அவள் வெளியேறிய விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. முழு மதிப்பெண் கொடுக்கலாம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அவள் போன பிறகு வீடு மிகவும் பாதுகாப்பாக இருக்கிறது. புகைமணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடுப்பு எரியாததால் இருக்கலாம். மாடிக்காரன் மணிச்சத்தம் வரும் வரும் என்று காத்திருந்து, ஒரு நாள் மாலை தானாகவே இறங்கி வந்து, "அப்பா, மணி ரிப்பேரா?" என்று கேட்டான். ஆபத்துக் காலத்துக்கென்று அடுக்கி வைத்திருந்த டின் உணவுகளை இருவரும் உண்டுவருகிறோம். அவற்றைத் திறக்கும் கருவி தங்கள் தங்கைக்குத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதால் ஸ்குரூ டிரைவரால் திறக்கிறோம். மாடிக்காரன் நேற்று முட்டை பொரிக்கப் பார்த்தான். மணி அலறியது. சத்தம் கேட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு தெருவைக் கடந்து ஓடி வந்தார். தீ என்று நினைத்துத்தான் ஓடி வருகிறார் என்று நான் பெருமைப்பட்டேன். வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி, "அக்கா வந்துட்டாங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். தீயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே மீண்டும் சொல்கிறேன், பையை மட்டும் அனுப்பினால் போதும். மழைக்காலம் தொடங்கப் போகிறது, பை இல்லாமல் இருப்பது விவேகம் அல்ல. பிரஷர் மாத்திரையை மட்டும் அதிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் சாப்பிட்டதும் போட வேண்டும். போட்டாச்சு என்று சொல்வாள். நம்பக் கூடாது, அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும். அவளைத் தெருப் பக்க அறையில் படுக்க வைக்காதீர்கள். அதற்கு நேர் கீழேதான் தங்கள் பெரிய கண்ணாடிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள், நான் கீழே இருந்து ஜன்னல்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரிலும் அந்த ஊரிலுமாகச் சேர்த்து, நில அதிர்ச்சியின்போது ஒருவர் இருக்கவே கூடாத இடம் எது என்று என்னைக் கேட்டால் தங்கள் வீட்டைத்தான் சொல்வேன். இதைத் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். மற்றபடி அவள் அங்கேயே இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

அக்காவுக்கு என் பணிவான வணக்கங்கள். பேரப்பிள்ளைகள் நோயில்லாமல், கண்ணாடிப் பக்கம் ஓடாமல், வெறுங்காலோடு கடைக்குள் இறங்காமல் நீண்ட காலம் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
பாதுகாப்பு அதிகாரி, ஓய்வு.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை இன்று தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெருவை மூடி வாசற்படிக்கு வந்தது, மின்சாரம் போனது. ஒத்திகை இல்லை, நிஜம். மாடிக்காரன் சாப்பாடு தேடி நண்பன் வீட்டுக்குப் போயிருந்தான். நான் மட்டும். விசிலை வாயில் வைத்தேன், யாருக்கு ஊதுவது என்று தெரியாமல் எடுத்துவிட்டேன். எரிவாயுவை மூடினேன், மெயின் சுவிட்சை இறக்கினேன், விதிப்படி தண்ணீரில் நடந்து தையற்கடைப் படியில் போய் நின்றேன். விதிப்படி ஆள் கணக்கு எடுத்தேன். தையல்காரர் வாயில் குண்டூசிகளோடு, "எத்தனை பேர் சார்?" என்றார். "பூஜ்யம்" என்றேன். "உங்களைச் சேத்துக்கலையா?" "அதிகாரி தன்னைச் சேத்துக்கக் கூடாது." அவர் குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப உங்களை யாரு சார் எண்ணுவாங்க?" என்றார்.

மச்சான், ஆலையில் விதியை மீறி உள்ளே திரும்ப ஓடியவர்கள் நிறையப் பேர். டிபன் பாக்ஸுக்கு ஓடினார்கள், செருப்புக்கு ஓடினார்கள், பீடிக்கட்டுக்கு ஓடினார்கள். யாரும் எனக்காக ஓடி வந்ததில்லை. அதனால்தான் அன்று நடையில் அவளைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் கணக்கு சரி. நாங்கள் மூன்று பேர். அந்தப் படியில் நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தண்ணீரைப் பார்த்துப் பயமில்லை.

தண்ணீர் வடிந்ததும் தபால்பெட்டிக்குப் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். இந்தப் பின்குறிப்பைத் தங்கள் கடைக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைத் தங்கள் கடையில் கண்ணாடி அறுப்பவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே பையைப் பற்றி எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடவும். பை அங்கேயே இருக்கட்டும். அன்று நான் அபாயம் நீங்கியதற்கான நீண்ட விசிலை ஊதவே இல்லை. ஆகவே அவள் திரும்பி வராததில் விதிப்படி அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. இப்போது வெளியே நிற்பவன் நான். பையின் பக்க அறையில் விசில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். நான் உள்ளே வரலாம் என்றால் ஜன்னலில் நின்று நீளமாக ஒரு தடவை ஊதட்டும், கண்ணாடிகளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று. வரக்கூடாது என்றால் மூன்று தடவை. எனக்கு இரண்டும் புரியும்.

சீக்கிரம் முடிவெடுக்கச் சொன்னால் உபகாரமாக இருக்கும். இங்கே நிறுத்தத்தின் கூரை ஒழுகுகிறது. வீட்டில் இருந்த ஒரே நல்ல குடையும் அந்தப் பையில்தான் இருக்கிறது.